அந்தப் பெட்டியை ஆன் பண்ணக்கூடாது

நாள்: 10.11.2025, திங்கட்கிழமை, காலை 10.30 மணி.
பெயர்: பவுனம்மாள், வயது 52.
கணவர் பெயர்: குமாரவேல்.
தொழில்: மீன் வியாபாரம்.
விலாசம்: எண் 17, மூன்றாவது பிளாக், மீனவர் குடியிருப்பு, காசிமேடு, சென்னை.
விசாரித்து எழுதியவர்: ஆலிஸ், தலைமைக் காவலர்.

நான் மேற்படி விலாசத்தில் என் மகள் உதயாவுடன் குடியிருந்து வருகிறேன். தினமும் விடியற்காலை காசிமேடு ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டை தெருக்களில் விற்று வருகிறேன். என் கணவர் பெயருக்குப் பக்கத்தில் காலமானவர் என்று ஏட்டம்மா எழுதப் போனார்கள். அப்படி எழுதக்கூடாது என்று சொன்னேன். அவர் மீன்பிடி போட்டு டிரைவர். 2001ஆம் வருஷம் ஐப்பசி மாசம் கடலுக்குப் போன போட்டு திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை, அப்படியே எழுதுங்கள் என்றேன். அப்போது உதயா என் வயிற்றில் ஐந்து மாசம்.

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த டென்னிஸ் என்பவர் என் மேல் கொடுத்திருக்கும் மனுவைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் அவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து, மீன் வெட்டும் கத்தியைக் காட்டி மிரட்டி, கம்ப்யூட்டர் பெட்டியைத் திருடிக்கொண்டு போனதாக அதில் இருக்கிறது. நான் அத்துமீறவில்லை. அவர் வீட்டம்மாதான் கதவைத் திறந்து, வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டது. கத்தி கூடையில் இருந்தது, கையில் இல்லை. மீன்காரி கூடையில் கத்தி இல்லாமல் மல்லிப்பூவா இருக்கும்? பெட்டியை எடுத்தது மட்டும் நிஜம்.

டென்னிஸ் என்பவர் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தன் வீட்டு முன்ரூமில் பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்க்கில் மாற்றிக் கொடுத்து வருகிறார். மூன்று மாசத்துக்கு முன்னால் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். பழைய கேசட் டிஸ்க்கில் ஏற்றித் தரப்படும், விளம்பரங்கள் நீக்கப்படும் என்று அதில் போட்டிருக்கும். எனக்கு முதல் வரிதான் கண்ணில் பட்டது. இரண்டாவது வரி எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். 1999ஆம் வருஷம் பொங்கலுக்கு எங்கள் ஏரியா கேபிளில் ஒரு சினிமா போட்டார்கள். அதை என் கணவர் எங்கள் டெக்கில் பதிவு பண்ணினார். சினிமாவுக்காகப் பண்ணவில்லை. கேபிள்காரர் படத்துக்கு நடுநடுவே ஏரியாக் கடைகளின் விளம்பரம் போடுவார். அதில் ஒன்று காசிமேட்டில் அப்போது இருந்த ஒரு ஐஸ் கம்பெனியின் விளம்பரம். நடிக்க ஆள் வைக்கவில்லை, என் கணவரையே கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். ஐஸ் பாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்று பேசுவார். கணக்காகப் பதினோரு செகண்ட், டெக்கில் நம்பர் ஓடும்போது பார்த்திருக்கிறேன். அவர் கடலுக்குப் போன அதே வருஷம் மழைத்தண்ணி வீட்டுக்குள் புகுந்து டெக் கெட்டுப்போனது. கேசட்டைப் புடவைக்கு நடுவில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். உதயாவுக்கு இப்போது 23 வயசு. அப்பா மூஞ்சியைக் கல்யாண போட்டோவில் பார்த்திருக்கிறது. குரலைக் கேட்டதே இல்லை.

போன மாசம் 6ஆம் தேதி அந்தக் கேசட்டை டென்னிஸ் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது, “அய்யா, இதுல நட்டநடுவுல எங்க வூட்டுக்காரரு வர்றாரு, பாத்து பதனமா பண்ணுங்க” என்று வாயைத் திறந்து சொன்னேன். சரிம்மா என்றார். எந்த இடத்தில் வருவார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு இன்னிக்கு வா, நாளைக்கு வா என்று ஒரு மாசம் இழுத்தடித்து, இந்த மாசம் 6ஆம் தேதி வியாழக்கிழமை டிஸ்க்கைக் கொடுத்தார். உதயா வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, பக்கத்து வீட்டில் பிளேயர் வாங்கிப் போட்டது. இரண்டே முக்கால் மணி நேரம், இரண்டு பேரும் தண்ணி குடிக்கக் கூட எழுந்திருக்கவில்லை. படம் முடிந்து சுபம் என்று போட்டார்கள். உதயா என்னைப் பார்த்து, “எங்கம்மா?” என்று கேட்டது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை டென்னிஸிடம் போய்க் கேட்டேன். அந்த மனுஷன் பெரிய கப்பு ஜெயித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு, நாற்பத்தோரு விளம்பரம் இருந்தது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து வெட்டினேன், ஒரு இடத்திலாவது படம் குதிக்கிறதா பார்த்தீர்களா என்று என்னையே கேட்டார். எங்க வூட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். என் கணவர் சினிமாவில் கூட்டத்தோடு வருவார் என்று டென்னிஸ் நினைத்துக்கொண்டாராம். காசிமேட்டு ஆட்கள் ஷூட்டிங்கில் போய் நிற்பது சகஜம்தானே, அதனால் படத்தில் வரும் ஹார்பர் சண்டையில் ஒரு தலை கூட விடாமல் வைத்திருக்கிறேன் என்று கர்த்தர் மேல் சத்தியம் பண்ணினார். அது பொய் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. என் கணவர் விளம்பரத்தில் வந்தவர் என்று விளக்கிச் சொன்னேன். அதற்கு அவர், “விளம்பரத்துல யாரு வந்தாலும் விளம்பரம்தாம்மா. படம் முழுசா இருக்குல்லா?” என்றார்.

இருபத்திநாலு வருஷமா பொடவைக்கு நடுவுல வச்சிக்கினு கெடந்தது அந்தப் படத்தையாய்யா? அந்த ஈரோவுக்கா நான் கழுத்தை நீட்டினேன்? என்று அவர் வாசலில் நின்று கத்தினேன். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கத்தியது தப்பு என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கேசட்டையாவது கொடுங்கள் என்று கேட்டேன். டிஸ்க்கில் ஏற்றி முடித்ததும் கேசட்டைப் பழைய சாமானில் போட்டுவிடுவாராம், இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லையாம். நான் கேட்கிறேனே, நான் யாரும் இல்லையா? அங்கிருந்து காயலான் கடைக்குப் போனேன். அவர்கள் மாதவரம் குடோனுக்கு அனுப்பியாச்சு என்றார்கள். அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு மாதவரத்துக்கும் போனேன். நாடாவை உருவித் தனி மூட்டையாகவும், பிளாஸ்டிக்கை உடைத்துத் தனி மூட்டையாகவும் கட்டி வைத்திருந்தார்கள். அதில் எது என்னுடையது என்று தேடுவது?

அதன் பிறகு சனிக்கிழமை காலை, என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ரஹீமுன்னிசாவிடம் சொல்லி அழுதேன். அது தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறது. “வெட்றதுக்கு முன்னாடி முழுசா கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாருக்கா. அழிச்சிருந்தாலும் உள்ளதான் கெடக்கும். அது மேல வேற எதாச்சும் ஏறிடுச்சுன்னா போச்சு. கியாரண்டியா சொல்ல மாட்டேன், மொதல்ல போய் பெட்டிய நிறுத்தச் சொல்லு” என்று சொன்னது.

நான் கூடையோடு டென்னிஸ் வீட்டுக்கு ஓடினேன். அங்கே முன்ரூமில் யாருடைய கல்யாணக் கேசட்டோ ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் ஒவ்வொருத்தராகக் கையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் என் வீட்டுக்காரர் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி எனக்கு இருந்தது. ஒரே ஒரு நாள் நிறுத்துங்கள், ரஹீமுன்னிசா வந்து தேடிப் பார்க்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று கல்யாணம் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், பதினோரு செகண்டுக்காக ஊர் வேலையை நிறுத்த முடியுமா என்றார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியை அன்னக்கூடையில் வைத்து, துண்டால் மூடி, தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போது பட்டப்பகல் 11 மணி. திருடப் போனவள் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவிலா போவாள்?

அதன் பிறகு பெட்டியை ரஹீமுன்னிசா கடைக்குக் கொண்டுபோனேன். அதற்குள் டென்னிஸ் மனுக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், அவர் சம்மதம் இல்லாமல் தொட மாட்டேன் என்று அது சொல்லிவிட்டது. அது மேல் எனக்கு வருத்தம் இல்லை, கடை வைத்துப் பிழைக்கிற பொண்ணு. டென்னிஸ் சம்மதம் தர மாட்டேன் என்கிறார். அடுத்தவர் வீட்டுக் கல்யாணமெல்லாம் உள்ளே இருக்கிறதாம், கண்டவர் கை வைக்கக் கூடாதாம். எங்கள் வீட்டு ஆளை வெட்டிப் போடும்போது மட்டும் யாரைக் கேட்டார்?

இன்று காலை பெட்டியை வீட்டிலிருந்து நானே சுமந்து வந்து நிலையத்தில் ஒப்படைத்தேன். உதவி ஆய்வாளர் ஐயா, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா, பெட்டியை அவரிடம் கொடுத்துச் சமாதானமாக முடித்துவிடலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பெட்டி அந்த வீட்டுக்குள் போன அஞ்சாவது நிமிஷம் டென்னிஸ் பிளக்கைச் சொருகிவிடுவார். அதனால் சமாதானம் வேண்டாம் என்றேன். கேஸ் போட்டால் பெட்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கைப்பற்றி சீல் வைப்போம், கோர்ட்டு சொல்லாமல் யாரும் ஆன் பண்ண முடியாது என்றார். அப்படியென்றால் கேஸ் போடுங்கள். திருடினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கத்தி காட்டினதாகச் சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்றால் அதையும் எழுதுங்கள் என்றேன். நடக்காததை எழுத முடியாது என்று ஏட்டம்மா சொல்லிவிட்டார்கள்.

உதயா வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. நீ ஜெயிலுக்குப் போய் அப்பா குரல் எனக்கு எதுக்கும்மா, போட்டோ போதும் என்று அழுகிறது. அதுக்குப் போதும். எனக்குப் போதாது. கோர்ட்டில் ஜட்ஜ் ஐயாவை ஒன்றே ஒன்று கேட்பேன். விவரம் தெரிந்தவர்களை விட்டு அந்தப் பெட்டியை ஒரு தடவை தேடச் சொல்லுங்கள், அதன் பிறகு எத்தனை மாசம் போடுவீர்களோ போடுங்கள் என்பேன்.

மேலே எழுதியதை ஏட்டம்மா படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. ஆனால் என் கணவர் அந்த விளம்பரத்தில் பேசியதை நான் சொல்லியும் எழுதவில்லை. கேட்டதற்கு, வழக்குக்கு அது தேவைப்படாது, அதனால் விட்டேன் என்றார்கள். நீங்களுமா வெட்டுவீர்கள், அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதன் பேரில் சேர்க்கப்படுவது: ஐஸ் கம்பெனிக்காரர் எழுதிக் கொடுத்தது வேறு, அவர் பேசியது வேறு. ஐஸ் பாரை இறக்கி வைத்துவிட்டு, நேராகப் பார்த்து, “ஐஸு நல்லாகீதுன்னாதான் மீனு நல்லாகீது. இன்னா பவுனு, நான் சொல்றது கரீட்டா?” என்று கேட்டார். வீட்டில் அவர் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதையும் சேர்த்து, இதில் உள்ளது முழுக்க நடந்தது நடந்தபடி என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பவுனம்மாள்