பத்துக்கு மூணு வாங்கிய அப்பா

– பத்துக்கு மூணா டீச்சர்? கட்டுரையிலயா? என் பொண்ணுக்கா?

– உக்காருங்க சார். முன்னுரை இல்ல, பழமொழி இல்ல, முடிவுரை இல்ல. மூணு போட்டதே கையெழுத்துக்காகத்தான்.

– பத்திரிகைல வாரா வாரம் எழுதுறவன் நான். “பிள்ளைங்கள சொந்தமா எழுத விடுங்க”ன்னு மேடை மேடையா தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். கடைசில என் தலையிலயே கை வச்சிட்டீங்களே!

– உங்க பேச்சுக்கு நானும் கை தட்டிருக்கேன் சார். ஆனா பொதுத்தேர்வுல திருத்துறவங்க ஒவ்வொரு வரியா ரசிச்சிட்டு இருக்க மாட்டாங்க. எது எங்க இருக்கணுமோ அது அங்க இருந்தா மார்க்கு. இல்லேன்னா குறுக்க ஒரு கோடு.

– சரி, மத்த பிள்ளைங்க என்னதான் எழுதினாங்க?

– நான் போர்டுல எழுதிப்போட்டதத்தான். “என் தந்தை அதிகாலையில் எழுவார். அயராது உழைப்பார். மாலையில் எனக்குக் கதை சொல்வார்.”

– மொத்த வகுப்புக்கும் ஒரே அப்பனா! பாவம், அந்தாளு எத்தன வீட்டுலதான் கதை சொல்லுவான்?

– சிரிக்காதீங்க சார். அப்பாவே இல்லாத பிள்ளையும் அதத்தான் எழுதி ஒம்பது வாங்கிருக்கு.

– இது பள்ளிக்கூடமா, செங்கல் சூளையா? என் பொண்ணுக்கு ஒருத்திக்காவது முதுகெலும்பு இருக்கே. குடுங்க அந்தக் கட்டுரைய. இந்த வாரம் பத்திரிகைல அப்படியே போடுறேன்.

– படிச்சிட்டு முடிவு பண்ணுங்க சார்.

– என்னத்தப் படிக்கிறது, என் ரத்தமாச்சே! “என் அப்பா நன்றாகப் பேசுவார். ஊரே கை தட்டும். கை தட்டி முடிந்ததும் வீட்டுக்கு வருவார்.” அடி சக்கை! எடுத்த எடுப்புலயே எப்படிப் புடிக்கிறா பாத்தீங்களா?

– மேல படிங்க.

– “செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே இன்றைக்குக் கோபமா இல்லையா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். கோபம் என்றால் தம்பி தும்மலைக்கூட விழுங்கிவிடுவான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அப்பா தூங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் நாங்கள்…”

– சார்? தண்ணி தரட்டுமா?

– இத… வேற யாராவது படிச்சாங்களா டீச்சர்?

– நான் மட்டுந்தான். திரும்பத் திரும்பப் படிச்சேன். இவ்வளவு வருஷத்துல இப்படி ஒரு கட்டுரை என் கைக்கு வந்ததில்ல சார். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, விதியாவது ஒண்ணாவது, பத்துக்குப் பத்து போட்டுடறேன்.

– மூணே இருக்கட்டும். இனிமே போர்டுல இருக்கிறத மட்டும் எழுதச் சொல்லுங்க. மீறி ஒரு வரி எழுதினாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்க டீச்சர், வீட்டுல நான் பாத்துக்கிறேன்.