அறையில் ஐந்தாவது ஆள்

– ஊராரே, தெருவாரே, பதினேழு மாடியும் ஏறி வந்து பாருங்கள் இந்த அநியாயத்தை! நான்கு பேர் மெத்தையில் புரளுவார்களாம். ஐந்தாவதாக ஒருத்தி, அவளும் பெண்தான், அவளுக்கும் முதுகெலும்பு உண்டு, அவள் மட்டும் தரையில் துண்டை விரித்துப் படுப்பாளாம்! அதுவும் ஹோட்டல்காரன் கண்ணில் படாமல், திருடி மாதிரிப் பதுங்கி உள்ளே வருவாளாம்! இதைக் கேட்டும் ஹாங்காங்கில் ஒருவருக்கும் ரத்தம் கொதிக்கவில்லையா?

– அண்ணி, மெதுவா! இந்தச் சுவரெல்லாம் அட்டை மாதிரி. எதிர்வீட்டு லௌ அம்மா இப்பவே கதவுல காதை வச்சிருப்பா.

– வைக்கட்டும். கதவைத் திறந்து விடு, வசதியா கேக்கட்டும்.

– இது உங்க தொழிற்சங்க மேடை இல்ல, என் சாப்பாட்டு மேசை. நம்ம பிள்ளை லாம்-லாம் பிறந்தநாளுக்கு நல்ல ஹோட்டலா ஒண்ணு பார்த்துக் குடுங்கன்னுதான் கூப்பிட்டேன். நீங்க என்னடான்னா புரட்சிக்குத் தேதி குறிக்கிறீங்க.

– ஹோட்டல்தானே பார்க்கணும்? காட்டு. போனை இந்தப் பக்கம் திருப்பு. கண்ணாடி போட்டுக்கறேன்.

– இதுதான் நான் சொன்னது. அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குள்ளயே இருக்கு. ஜன்னலைத் திறந்தா கோட்டை தெரியும். கட்டில் தலைமாட்டுல நட்சத்திரம் மாதிரி விளக்கு எரியும். லாம்-லாம் இந்தப் படத்தைப் பார்த்துட்டு நேத்துலேர்ந்து அதையே கனவு கண்டுட்டு இருக்கா.

– மறுபடி சொல்லு, எத்தனை பேருக்கு அறை?

– நாலு. நான், உங்க தம்பி, லாம்-லாம், நீங்க. அதுக்கு மேல ஒருத்தர்கூட கூடாதாம். தீ விபத்துச் சட்டமாம்.

– சரி. பார்த்தினி?

– அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன், முடிக்கிறதுக்குள்ள நீங்க ஊரைக் கூட்டிட்டீங்க. பகல் முழுக்க அவ எங்ககூட இருப்பா. ராத்திரி நைசா உள்ள வந்து ஒரு ஓரமா படுத்துப்பா. இல்லன்னா கடைசி ரயில்ல வீட்டுக்கு வந்து தூங்கிட்டு, காலைல முதல் ரயில்ல வரட்டும். அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

– அவளைக் கேட்டியா?

– இதுல கேக்க என்ன இருக்கு? எங்க வீட்டோட இருந்து வேலை பார்க்கிற ஆள்தானே. குடும்பத்துல ஒருத்தி மாதிரி.

– ஆகா! "குடும்பத்தில் ஒருத்தி மாதிரி." கா-யான், அந்த "மாதிரி"தான் இந்த நகரத்தின் நெஞ்சில் குத்திய முள். சமைக்கும்போது குடும்பம், துவைக்கும்போது குடும்பம், கட்டில் எண்ணும்போது மட்டும் தீ விபத்துச் சட்டம்!

– மைக் வேணுமா அண்ணி? லாம்-லாம் பாட்டுப் பாடுறதுக்கு ஒண்ணு வச்சிருக்கா, இளஞ்சிவப்புல.

– கிண்டல் பண்ணு, பண்ணு. எங்க அம்மா, உன் மாமியார், உயிரோட இருந்த காலத்துல நீயே வந்து என்கிட்ட அழுதிருக்கே, "இந்த வீட்டுல எனக்கு ஒரு ஓரம்கூட இல்ல அண்ணி"ன்னு. மறந்துட்டியா?

– அதை எதுக்கு இப்ப இழுக்கிறீங்க?

– இழுக்கல. ஓரம்னா என்னன்னு தெரிஞ்சவளே இன்னொருத்தியை ஓரத்துல படுன்னு சொல்றாளேன்னுதான்.

– நெஜமா சொல்லட்டுமா? எனக்கு அவ இல்லாம முடியாது. நான் மருந்துக்கடையில நின்னு நின்னு காலை வீங்க வச்சிட்டு வர்றவ. ஒரு முழு நாள் லாம்-லாமோட தனியா இருந்ததே இல்ல. எந்த நேரத்துல பசிக்கும், எதுக்கு அழுவா, எப்படி சமாதானம் பண்ணணும், எல்லாம் பார்த்தினிக்குத்தான் தெரியும். தூக்கத்துல பிள்ளை கூப்பிடுறதுகூட என்னை இல்ல. அவ்வளவு கூட்டத்துல, வெயில்ல, பிள்ளை தரையில புரண்டு அழுதா நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் போன்ல படம் புடிப்பாங்க.

– உன் புருஷன், என் தம்பி, இல்லையா கூட?

– உங்க தம்பியா? அவரு ஒரு விளையாட்டு வண்டி வரிசையில நிப்பாரு. அலுவலகத்துலேர்ந்து போன் வரும். அப்படியே பேசிக்கிட்டே போயி ஏதாவது செடிகிட்ட நின்னுடுவாரு. கல்யாண விருந்துலயே அப்படித்தானே நின்னாரு, வறுத்த பன்றிக்குட்டி வந்தப்ப மாப்பிள்ளையைக் காணோம்.

– அதுவும் உண்மைதான். வளர்த்தது நான், வாயைத் திறக்க முடியல. சரி கேட்டுக்கோ. உனக்கு அவ வேணும், ஒத்துக்கறேன். வேணும்னா மனுஷியா கூட்டிட்டுப் போ. இந்தக் கோட்டை ஹோட்டலை விடு. துங்-சுங்ல மலைக்கு ஏறுற கம்பிவண்டி நிலையம் பக்கத்துல ஒண்ணு இருக்கு பாரு, இதோ. பூங்காவுக்கு ஒரே பஸ். இதுல ரெண்டு அறை போடு. ஒண்ணுல நீங்க மூணு பேரு. இன்னொண்ணுல நானும் பார்த்தினியும். ரெண்டு கட்டில். ஆளுக்கொண்ணு.

– இதுல ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?

– பஸ் நிலையம்.

– அண்ணி!

– பஸ் வர்றதும் போறதும் வேடிக்கைதான். நாங்க அப்படித்தான் வளர்ந்தோம்.

– கோட்டை தெரியும்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டேனே. இப்ப பஸ் நிலையம்னா வீட்டுக் கூரையைப் பிச்சுடுவா.

– ஆறு வயசு ஆகப் போகுது. ஒருத்தருக்குக் கட்டில் கிடைக்க, தனக்குக் கோட்டை கிடைக்காதுன்னு இப்பவே கத்துக்கட்டும். வேற எப்பக் கத்துக்குவா, உன் வயசுலயா?

– காலைச் சாப்பாடு அங்க எப்படி? பார்த்தினி பன்றிக்கறி தொட மாட்டா. போன வருஷம் சிங்-யீ ஹோட்டல்ல கஞ்சி, சியூ மாய் கொழுக்கட்டை, வறுத்த நூடுல்ஸ், எல்லாத்துலயும் அதுதான். பாவம், ரெண்டு நாளும் ரொட்டியும் ஜாமும்.

– அதையும் விசாரிச்சுட்டேன். இங்க தனி மேசை போடுறாங்களாம், முஸ்லிம்களுக்கு. பார்த்தியா, நான் வெறும் பேச்சுக்காரி இல்ல.

– விசாரிச்சுட்டீங்களா! அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க. சரி. உங்க இஷ்டம். துங்-சுங், ரெண்டு அறை. பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க.

– சொல்றேன். பார்த்தினி! இங்க கொஞ்சம் வாம்மா!

– வர்றேங்க அக்கா. சூப்பு கொதி வந்துருச்சு, அடுப்பைக் குறைச்சுட்டு வர்றேன்... சொல்லுங்க மேடம்.

– நான் கூப்பிடல பார்த்தினி, அண்ணிதான்.

– உட்காரு முதல்ல. நிக்காதே. உன் நியாயத்தைத்தான் இவ்வளவு நேரம் நான் பேசிக்கிட்டு இருந்தேன்.

– கேட்டுச்சுங்க அக்கா. அடுப்படி என்ன அடுத்த ஊர்லயா இருக்கு?

– அப்ப நீயே சொல்லு. இதோ படம். இந்த ஜன்னலோரக் கட்டில் உனக்கு, சுவரோரம் எனக்கு. நான் குறட்டை விடுவேன், அதை மட்டும் மன்னிச்சுக்கோ. எப்படி?

– நல்ல ஹோட்டலுங்க அக்கா. போர்வை எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு.

– பார்த்தியா கா-யான்!

– ஆனா நான் வரலைங்க.

– என்னது? பார்த்தினி, தரையில படுக்கச் சொன்னதுக்குக் கோவமா? அது ஏதோ பேச்சுக்குச் சொன்னது. இப்பதான் ரெண்டு அறைன்னு முடிவு பண்ணியாச்சே.

– கோவம் இல்லைங்க மேடம். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை.

– அவ்வளவுதானே? செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கோ. போன தடவை மாத்திக்கிட்ட மாதிரி.

– போன தடவை மாத்துனீங்க. அதுக்கு முந்தின தடவையும் மாத்துனீங்க. எங்க நாட்டுக்காரங்க எல்லாரும் விக்டோரியா பூங்காவுல கூடுறது ஞாயித்துக்கிழமை மேடம். செவ்வாய்க்கிழமை போனா நானும் புறாவும்தான்.

– முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

– சொன்னேனே. போன வாரம் நீங்க நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டு இருக்கும்போது. "ம்"னு சொன்னீங்க.

– அது... நகம் காயுதான்னு பார்த்துட்டு இருந்தேன். நீ ஏதோ கடைக்குப் போறதைச் சொல்றேன்னு நினைச்சேன்.

– அக்காகிட்டயும் ஒண்ணு கேக்கணுங்க. கேக்கலாமா?

– கேளு. என்கிட்ட என்ன தயக்கம்?

– போன மாசம் மேடையில நீங்கதானே பேசுனீங்க? "ஏழு நாளில் ஒரு நாள் அவளுடையது, அதை வாங்கவும் முடியாது, மாற்றவும் முடியாது"ன்னு. நான் முன் வரிசையில உக்காந்து கை வலிக்கத் தட்டுனேன். இன்னைக்கு நான் எங்க படுக்கணும், என்ன சாப்பிடணும், எந்தக் கட்டில், எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டீங்க. வர்றியான்னு மட்டும் நீங்களும் கேக்கல.

– அண்ணி? தண்ணி வேணுமா?

– வேணாம். விடு. சரியாத்தான் சொல்றா. தேதியை நான் பார்க்கவே இல்ல கா-யான். மேடையில அத்தனை கூச்சல் போடுறவ, ஞாயித்துக்கிழமையைக் கவனிக்கல. கட்டிலைக் குடுத்தா கணக்கு தீர்ந்துதுன்னு நினைச்சுட்டேன். நல்லா சூடு குடுத்தே பார்த்தினி, நல்லாவே குடுத்தே.

– மனசுல வச்சுக்காதீங்க அக்கா.

– வச்சுக்கத்தான் போறேன். அடுத்த கூட்டத்துல உன்னையே பேச விடறேன் பாரு.

– அப்ப நான் எப்படி பார்த்தினி சமாளிப்பேன்? உனக்குத் தெரியாதா அவளை?

– அவ என்ன புலியா மேடம்? பசி வந்தா காதைத் தேய்ப்பா. தூக்கம் வந்தா வேணாம்னு போட்ட பொம்மையையே கேப்பா. அழுதா பேச்சுக் குடுக்காம தூக்கிக்குங்க, தோள்ல மூக்கைத் துடைச்சுட்டு நிறுத்திடுவா. அவ்வளவுதான் வித்தை.

– தோள்லயா?

– பழைய சட்டை போட்டுட்டுப் போங்க.

– ஒரே ஒரு ஞாயிறு, பார்த்தினி. இது ஒண்ணு மட்டும். அடுத்த வாரம் ரெண்டு நாள் தர்றேன். அப்படி என்ன அன்னைக்கு மட்டும்?

– என் பொண்ணு வர்றா மேடம்.

– வெனிங்கா? ஊர்லேர்ந்தா? சொல்லவே இல்ல!

– ஊர்லேர்ந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஷா-தின்ல ஒரு வீட்டுல வேலைக்கு இருக்கா. புதுசுன்னு வெளிய விடல. இந்த ஞாயிறுதான் அவளுக்கு முதல் லீவு.

– ரெண்டு மாசமா ஒரே நகரத்துல இருக்கீங்க, இன்னும் பார்க்கலையா?

– போன்ல பார்த்தேன். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி நான் கிளம்பும்போது மூணாம் வகுப்பு. இப்ப என்னைவிட உயரம்.

– கா-யான், கேக்குறியா? தாய் போன அதே வழியில் மகளும்... இல்ல. நான் பேசல. நீ சொல்லும்மா. எங்க போறீங்க ரெண்டு பேரும்? விக்டோரியா பூங்காவுக்கா?

– இல்லைங்க அக்கா. நீங்க எல்லாரும் போற இடத்துக்குத்தான்.

– நாங்க போற பூங்காவுக்கா?

– ஆமாங்க மேடம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஊருக்கு நான் அனுப்புன ஒவ்வொரு படத்துலயும் அந்தக் கோட்டை இருக்கும், அதுக்கு முன்னாடி நான் நிப்பேன், என் கையில லாம்-லாம் இருப்பா. வெனிங் அதை எல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவ. அம்மா ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னா. டிக்கெட் வாங்கிட்டேன், ரெண்டு.

– அப்ப அங்க... நாம பார்த்துக்குவோமே. லாம்-லாம் உன்னைக் கண்டா ஓடி வந்துடுவாளே.

– வரட்டும் மேடம், கட்டிக்குவேன். வெனிங்கையும் காட்டுவேன். ஆனா அன்னைக்கு என் கை என் பொண்ணு கையில இருக்கும். லாம்-லாமுக்குச் செருப்பு வார் அவுந்தா என்னைத் தேடாதீங்க, நீங்களே குனிஞ்சு கட்டுங்க.