கட்டிலில் தொங்கிய மஞ்சள் அட்டை

2024 மார்ச் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு என் மனைவி தேவகி பதில் சொன்னாள். என் மனக்குறை அன்று தொடங்கியது.

விசாரணை அதிகாரி அவர்களே, நான் பீடோங் வட்டாரத் தோட்டப்பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். அஞ்சலகம், வங்கி, கிளினிக் எங்குச் சென்றாலும் தேவகிக்காக நானே பேசுவேன். நான் காட்டும் இடத்தில் அவள் கையெழுத்திடுவாள். நாற்பத்தோர் ஆண்டுகளாக எங்கள் வீட்டின் ஒழுங்கு அதுவே. அன்று மருத்துவர் சுகுமாரன், "ஆப்பரேஷனுக்கு அப்புறம் அம்மா எவ்வளவு தூரம் நடக்கணும், சார்?" என்று கேட்டார். நான் வாய்திறக்கும் முன்பே அவள் பேசிவிட்டாள்.

"அவர ஏன் கேக்குறீங்க டாக்டர், முட்டி என்னுது லா. நல்லாயிட்டா நானே பஸ் ஏறி குருண்ல மக வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேன்."

மருத்துவர் சிரித்தார். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். வீட்டில் அவள் கட்டிலுக்கடியில் துணிப்பை ஒன்று கட்டித் தயாராக இருந்தது. பதினோர் ஆண்டுகளாக அவளை என் வீட்டில் இருத்தியது அந்த முழங்கால்தான்.

ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் மாற்று மூட்டுப் பொருத்தினார்கள். வலி தெரியாதிருக்கத் தொடையில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்தார்கள். தேவகி உறங்கிக்கொண்டிருந்தபோது தாதி ஃபாத்தின் என்னைச் 'சிக்கு' என்று, ஆசிரியருக்குரிய மரியாதையோடு அழைத்து, மலாயில் விளக்கினார். வலி இல்லாததால் கால் குணமாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் மறுநாள் காலைவரை அது உடலைத் தாங்காது. தாதி உடன் இல்லாமல் இறங்கவே கூடாது. அதையே எழுதிய மஞ்சள் அட்டையைக் கட்டிலில் தொங்கவிட்டார். என்னைத் திரும்பச் சொல்லவும் வைத்தார். பிழையின்றிச் சொன்னேன்.

உங்கள் அறிக்கையின் மூன்றாம் பத்தியோ, தாதி சரிவர விளக்கவில்லை என்கிறது. உண்மையல்லாத வாக்கியம் அச்சில் நிற்பதை நான் பொறுப்பதில்லை.

மாலை நான்கு மணிக்குத் தேவகி விழித்தாள்.

"என்னங்க, வலியே இல்ல லா. காலு இருக்கான்னே தெரியல. மிஸ்ஸி என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"எழுந்து நடக்கலாம் என்று தாதி சொன்னார்."

"நெசமாவா? இன்னைக்கேவா?"

"நான் என்றைக்காவது உன்னிடம் தவறாகச் சொல்லியிருக்கிறேனா?"

"வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே காலைத் தரையில் ஊன்றினாள்.

மஞ்சள் அட்டை அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அவள் பிடித்து நடக்கவேண்டிய நடைச்சட்டத்தைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தேன். கால் தாங்காமல் அவள் விழுந்தாள்; புது மூட்டுக்கு மேலே தொடையெலும்பு இரண்டாக முறிந்தது. அவள் அலறவில்லை. நல்ல ஊசி, ஏதும் தெரியவில்லை. வலிக்காத வேளையைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் அறிக்கையில் சேர்க்கவேண்டும். அந்த அளவுக்கு நான் இரக்கமுள்ளவன்.

இனி அவள் நடக்கமாட்டாள் என்கிறார்கள். இருந்தும் எங்கள் மகள் ஷீலா அவளைச் சக்கரநாற்காலியில் வைத்துக் குருணுக்கே கொண்டுபோய்விட்டாள். சென்ற வாரம் நான் போனபோது ஷீலா கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்து தேவகியின் குரல் மட்டும் கேட்டது: "போகச் சொல்லு அவர."

அட்டையை இத்துடன் இணைத்துள்ளேன். ஃபாத்தினின் பெயரிலுள்ள குற்றத்தை நீக்கி, அவ்விடத்தில் என் பெயரை எழுதுங்கள். பிறகு தேவகியை என்னிடம் அனுப்பிவையுங்கள். அவளுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.