ஒப்புக்கொண்ட சரி

எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அழுகுரலையும் அடுத்த வீட்டுக் குரலாய்க் கேட்டவரே! தொலைபேசியின் மறுமுனையில் தத்தளித்தோருக்குத் தமக்கையாய் நின்றவரே! சத்தமின்றிச் சாதித்து, சர்க்கரை கூடிய தேநீருக்கு மட்டும் சத்தம் போட்டவரே! எங்கள் போன் அக்காவே! வணக்கம்.

வெளிநாட்டில் குற்றத்துக்கு ஆளானவர்களுக்குத் துணை நிற்கும் இந்த அலுவலகத்தில் தாங்கள் ஆற்றிய அரும்பணிகளை அடுக்கத் தொடங்கினால், தங்கள் கழுத்து மாலை வாடிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

வீட்டு வேலைக்காகக் கடல் கடந்த பெண் ஒருவர், முதலாளியின் அடி தாங்காமல் தப்பி, அந்நாட்டுக் காப்பகத்தில் அடைக்கலமாகி, அவன்மேல் வழக்கும் தொடுத்தார். "வழக்கை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறாயா?" என்று அங்குள்ள அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்க, இவர் "சரிங்க" என்றார். அவ்வளவுதான், விமானச் சீட்டு தயார். அவர் ஏறிவிட்டால் சாட்சி இல்லை. அடித்தவன் கைவீசி நடப்பான். பயண விவரம் சொல்ல அழைத்த தங்கள் காதில் விழுந்ததோ விம்மல்.

"சரின்னு நீதானேம்மா சொன்னே?"

"அவர் பேசுறது காதுல விழுதுன்னு சொன்னேன்கா. போறேன்னு எங்க சொன்னேன்?"

அடடா! நம் பேச்சில் ஒப்புக்கொண்ட சரியும் உண்டு, காதில் வாங்கிக்கொண்ட சரியும் உண்டு என்பதை அந்த அதிகாரிக்குப் புரியவைக்கத் தாங்கள் பட்ட பாடு கொஞ்சமா! "பதிவாகிவிட்டது" என்று அவர் பிடித்த பிடியிலேயே நிற்க, தாங்களும் விட்டபாடில்லை. "சரியா என்று கேட்காதீர்கள், உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்" என்றீர்கள். வேண்டாவெறுப்பாகக் கேட்டார். "கேஸை நடத்தணும்" என்றார் அப்பெண். பயணம் நின்றது. நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னிருந்து, முகம் காட்டாமல், முழுவதையும் சொன்னார். அடித்தவன் சிறைக்குப் போனான். இரு நாட்டு அலுவலகங்களிலும் இன்று "உனக்கு என்ன வேண்டும்" என்பதே முதல் கேள்வி. அப்பெண்ணோ இதோ முதல் வரிசையில் அமர்ந்து, தங்களைவிட அதிகமாக அழுதுகொண்டிருக்கிறார்.

நேற்று மேலாளர் ஓய்வு ஆணையை நீட்டியபோது தாங்களும் "சரிங்க" என்றீர்கள். அது எந்தச் சரி என்று கேட்க எங்களில் எவருக்கும் துணிவில்லை. தங்கள் கேள்வியையே தங்களிடம் கேட்டோம்: "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"அந்த போன் எடுக்க ஆளில்லாம அடிச்சுக்கிட்டே கிடக்கக் கூடாது. அது போதும்."

மூட்டு வலி முற்றும் அகல, முகமலர்ச்சி என்றும் நிலைக்க, நீடு நலமுடன் வாழ்க, அக்கா! தங்கள் வேண்டுகோளுக்கு எங்கள் பதில்: சரிங்க.

இது ஒப்புக்கொண்ட சரி.

மணி அடித்ததும் ஓடிவரும்
தங்கள் அலுவலகத் தம்பி தங்கையர்