ஆறு பேருக்கான அட்டை

என் சைக்கிளின் ஸ்ராண்ட் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சிவராசாவின் கடை வாசலில் இருந்த சீனி மூட்டையில் சாய்த்துவிட்டு வெற்றிலை வாங்க உள்ளே போனேன். பின்கரியரில் மண்ணெண்ணெய்க் கான் இருந்தது. மூடி தொலைந்துபோக, பொலித்தீனைச் சுருட்டி அடைத்திருந்தது என் கைவண்ணம்தான். திரும்பி வந்தபோது சைக்கிள் மூட்டையின் மேல் படுத்திருந்தது. கான் தன் கடைசிச் சொட்டையும் சீனிக்குள் விட்டுக்கொண்டிருந்தது. பொருளாதாரத் தடை இறுகியிருந்த தொண்ணூற்றெட்டில் வன்னியில் பவுனுக்கு அடுத்த விலை இந்த இரண்டுக்கும்தான். இரண்டையும் ஒரே நிமிடத்தில் நாசமாக்கிய கெட்டிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இனி இதிலை தேத்தண்ணியும் போடலாம், விளக்கும் கொளுத்தலாம்" என்றேன்.

சிவராசா சிரிக்கவில்லை. "ஒரு மூட்டைக் காசு, மரியநேசன். எப்ப தருவாய்?"

எங்கள் வள்ளம் சொந்த ஊரான கொக்கிளாயோடு போய்விட்டது. இடம்பெயர்ந்து முள்ளியவளையில் கொட்டில் போட்டிருந்தோம். நந்திக்கடலில் நான் பிடிக்கிற றால், அன்றன்றைய கறிக்கே காணாது.

கடன் தீர்க்கும் வழிகள் எனக்கு அத்துப்படி. முதலில் புதுக்கடன் வாங்கக் கூடாது. யாரும் தரத் தயாராக இல்லாததால் அது சுலபமாக முடிந்தது. அடுத்தது செலவைக் குறைப்பது. தேநீருக்குச் சீனியை நிறுத்திப் பனங்கட்டியைக் கடித்தோம். பிறகு பனங்கட்டியை நிறுத்தினோம். பிறகு தேநீரை. அதற்கும் பிறகு மனைவி புனிதத்தின் தோடு போனது. கோயிலில் அவள் முக்காட்டைக் காது மறைய இழுத்துப் போட்டுக்கொண்டாள். மிச்சம் இருந்தது நிவாரண அட்டை.

அட்டையில் ஆறு பெயர். நான், புனிதம், என் தங்கை ஸ்ரெல்லா, அவளுடைய புருஷன் கிறிஸ்ரி, அவர்களின் பிள்ளைகள் இரண்டு. சங்கக்கடையில் தலைக்கு இவ்வளவு என்று அரிசி, மா, பருப்பு, சீனி கிடைக்கும். அட்டையைச் சிவராசாவிடம் ஈடு வைத்தேன். எடுக்கிற சாமானில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. இங்கே பலரும் செய்வதுதான். ஆறு பெயரும் நின்றால் பதினான்கு மாதத்தில் கடன் முடியும். மூன்று பெயரானால் முடியவே முடியாது.

கிறிஸ்ரி அப்போது நெஞ்சுவருத்தத்தோடு வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தான். வைத்தியத்துக்குப் போனவர், வந்துவிடுவார் என்று, அட்டை பதிகிற விதானையாரிடம் சொல்லி அவன் பெயரை வெட்டாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் லொறிக்காரன் ஒருவன் கிறிஸ்ரியின் கடிதத்தை என் கையில் தந்தான். ஒப்பிரேசன் செய்ய வேண்டுமாம், பக்கத்தில் நிற்க ஆள் இல்லையாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும்படி ஸ்ரெல்லாவுக்கு எழுதியிருந்தான்.

நான் அவசரப்படவில்லை, இரண்டு தரம் வாசித்தேன். மூன்று பேர் போனால் மூன்று பெயர் வெட்டுப்படும். ஆமிப் பக்கம் இருக்கிற வவுனியாவுக்குப் போக இயக்கத்திடம் பாஸ் எடுப்பதென்றால் ஆள்பிணையும் வேண்டும்; அவர்கள் திரும்பாவிட்டால் பிணை நின்ற நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கடிதத்தைப் பத்திரப்படுத்தினேன். கிழிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடிதத்தில், 'என்னோடை கோவமோ?' என்று ஸ்ரெல்லாவிடம் கேட்டிருந்தான். நானாவது பதில் எழுதலாம் என்று நினைத்தேன். என் கையெழுத்து அழகில்லை.

மூன்றாவது, பக்கத்துக் கட்டில்காரர் எழுதியது. கிறிஸ்ரி ஆவணியில் இறந்துவிட்டான். சொந்தம் என்று ஒருவரும் வராததால் வார்ட்டில் கிடந்தவர்களே காசு சேர்த்து அடக்கம் செய்தார்கள். அப்போது கடனில் இன்னும் ஏழு மாதம் இருந்தது. செத்தவனுக்கு அட்டையில் இடமில்லை. ஆகவே கிறிஸ்ரி மேலும் ஏழு மாதம் உயிரோடு இருந்து, ஆறில் ஒரு பங்கைக் கட்டினான். எந்த மச்சானும் இவ்வளவு உதவியிருக்க மாட்டான்.

ஒவ்வொரு முறையும் ஸ்ரெல்லா அவன் பங்கு மாவில் ஒரு பேணி அள்ளித் தகரத்தில் போடுவாள், வந்ததும் பிட்டு அவித்துக் கொடுக்க. வண்டு பிடித்துவிட்டது என்று அவளிடம் சொல்லி அதையும் நான் சிவராசாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கடிதம் ஏதும் வந்ததோ அண்ணை?"

"பாதை பூட்டாம், பிள்ளை."

பாதை சில நாள் உண்மையிலேயே பூட்டித்தான் இருந்தது.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. முதல் கடிதத்தை அப்போதே கொடுத்திருந்தாலும் ஸ்ரெல்லாவால் போயிருக்க முடியுமா? யார் எவர் என்று சொல்லாமல் சிவராசாவிடம் கேட்டேன். "இரண்டு பிள்ளையளோடையோ? கரைச்சல்தான்" என்றார். கோயில் சுவாமியாரிடம் கேட்டேன். "செபியுங்கோ" என்றார். புனிதம் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்பை ஊதினாள். முடியாது என்றுதான் எல்லோரும் சொல்ல வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

போன கிழமை கடன் முடிந்தது. அட்டையை மீட்டுக்கொண்டு வந்து, அதையும் மூன்று கடிதங்களையும் ஸ்ரெல்லாவின் மடியில் வைத்தேன். அவள் ஒழுங்காக, முதலாவதிலிருந்து வாசித்தாள். கடைசிக் கடிதத்தை நெடுநேரம் வைத்திருந்தாள். சத்தம் போட்டு அழுவாள் என்று நினைத்து, பிள்ளைகளை ஏற்கெனவே வெளியே அனுப்பியிருந்தேன். அவள் அழவில்லை.

"பிள்ளை, எல்லாம் எங்கடை ஆக்களுக்காகத்தானே செய்தனான்" என்றேன். "நான் அண்டைக்கே தந்திருந்தாலும், இரண்டு குஞ்சுகளையும் இழுத்துக்கொண்டு உன்னாலை போயிருக்கேலாது. என்ன?"

அவள் கடிதங்களை மடித்தாள்.

"போயிருப்பன் அண்ணை. பிள்ளையளை உங்களை நம்பி விட்டிட்டுத் தனியப் போயிருப்பன். பிள்ளையள் இஞ்சை நிக்கேக்கை நான் திரும்பி வராமல் விடுவனோ, நீங்கள் பிணைக்குப் பயப்பட? பத்து நாள் அவரோடை நிண்டிட்டு வந்திருப்பன். அட்டையிலை ஒரு பேரும் வெட்டுப்பட்டிராது."