சிவப்புத் துணி கட்டாத துறை

நான் முட்டைகூடத் தொடமாட்டேன், சார். கப்பலில் முதன்முதல் இங்கே அந்தமானுக்கு வந்தபோது நாலு நாளும் எனக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் அவலும்தான். கராச்சர்மாவில் நான் குடியிருக்கும் வரிசையில் எல்லா வீட்டிலும் மீன் மணக்கும், என் வீட்டில் மட்டும் ரசம் மணக்கும். பதினோரு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்கிறார்கள். என்மேல் ஒரு தப்பு உண்டு என்றால் அது இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நேற்று உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். 'கள உதவியாளர் சொக்கலிங்கம் துணி கட்ட மறந்ததால் நேர்ந்த விபத்து' என்று இருந்தது. எச்சரித்து விட்டுவிடலாம் என்றும் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அந்த 'மறந்ததால்' என்ற சொல் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. மறக்கிற ஆளை யாராவது கணக்கெடுப்புக்கு வைப்பார்களா? அதைத் திருத்தத்தான் இன்று கூப்பிடாமலே வந்தேன்.

நீங்கள் மெயின்லேண்டிலிருந்து வந்தவர், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வண்டூர்ப் பக்கத்து உப்புக் கழிகளில் முதலை எத்தனை மிச்சம் என்று எண்ணுவது என் வேலை. தோலுக்காகச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். சுடக் கூடாது என்று சட்டம் வந்து மூன்று வருஷம் ஆனாலும் தோல் வாங்க ஆள் இருக்கிறது. மழைக்காலத்தில் தாய் முதலை கரையில் இலைதழையைக் குவித்து, உள்ளே முட்டையிட்டு, கிட்டத்தட்ட மூன்று மாதம் அதன் பக்கத்திலேயே கிடக்கும். நான் ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண் கொடுப்பேன். பக்கத்து இறங்குதுறையில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுவேன். துணி இருந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது, இல்லாவிட்டால் இறங்கலாம். என் யோசனைதான் அது. நாலு வருஷம் ஒருத்தர் காலிலும் ஒரு கீறல் விழவில்லை. வங்காளிக் கிழவிகள்கூடத் துணியைப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை இறக்குவார்கள்.

இந்த வருஷம் நாலாம் கூட்டின் தாய் காணாமல் போனது. பிறகு ஐந்து. பிறகு ஏழு. மூன்றும் நான் துணி கட்டி ஒரு மாதத்துக்குள். தாய் போனால் உடும்பு வந்து முட்டையைத் தோண்டிவிடும். ஏழாம் கூட்டில் ஓடுகளை நானே பொறுக்கி எண்ணினேன், நாற்பத்தாறு. அன்று கரையில் உட்கார்ந்து அழுதேன், சார். என் அப்பா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. எந்தத் துறையில் முதலை இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சிவப்பில் எழுதி வைத்தது யார்? நான்தான். திருடனுக்கு நானே வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன்.

யார் அந்தத் திருடன் என்று எடுத்துக் கொடுத்தது என் படகுக்காரன் உதயசூரியன். நாலு வருஷமாக என்னை ஒவ்வொரு கூட்டுக்கும் டுங்கியில் ஏற்றிப்போனவன் அவன். ஒருநாள் துடுப்பை நிறுத்திவிட்டு, "பாபு, அந்த லூர்துநாதன் மாசம் நாலு மூட்டை உப்பு எறக்குறான். ஏக் ஆத்மிக்கு இவ்ளோ உப்பு காய்க்கு?" என்றான். ஓர் ஆளுக்கு எதற்கு இத்தனை உப்பு? தோலைப் பதப்படுத்த உப்புதான் வேண்டும், அது எனக்குத் தெரியும்.

லூர்துநாதன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்காரன். அவனும் அவன் மனைவி கிரேசியும் கழியோரம் ஓலைவீடு போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு கொட்டகை, எப்போதும் சாத்தியே இருக்கும். அந்த வாரமே அவன் என்னை வழியில் நிறுத்தி, "அண்ணாச்சி, பெருசு இப்ப எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டான். சாதாரணமாகக் கேட்பதுபோல்தான் கேட்டான். கொட்டகை, உப்பு, இந்தக் கேள்வி. நீங்களாக இருந்தாலும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கழியில் அப்போது மிச்சம் ஒரே ஒரு தாய். ஒன்பதாம் கூடு, ஐம்பத்தோரு முட்டை. அதுவும் போனால் அந்தக் கழியில் முதலை இனமே முடிந்தது. எனவே துணியை மாற்றினேன். ஒன்பதாம் கூட்டுத் துறையில் அவிழ்த்து, லூர்துநாதன் வீட்டுக்கு எதிரே இருந்த துறையில் கட்டினேன். அங்கே ஒரு பல்லிகூடக் கிடையாது. அவன் அங்கே தூண்டில் போட்டுக் காத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். உதயசூரியன் சிரித்து, "பக்கா வேலை, பாபு" என்றான்.

மறக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அவிழ்த்தேன்.

ஒன்பதாம் கூட்டுக்கு எதிரே மரத்தில் பரண் கட்டி, தினமும் விடிந்ததும் ஏறி உட்கார்ந்துவிடுவேன். குஞ்சு பொரிக்கப் பதினொரு நாள் இருந்தது. அன்று காலை கிரேசி வந்தாள். தலையில் கூடை, அதில் கீறிய மீன். வீட்டெதிரே சிவப்புத் துணி பறந்ததால் கழுவ இங்கே நடந்து வந்திருக்கிறாள். அப்போது இது எனக்குப் படவில்லை. படவில்லை என்று எழுத வேண்டாம், கொஞ்சம் பட்டது.

பரணில் என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். நல்ல பெண், சார். கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று தனியாக, முட்டை போடாத கேக் சுட்டுக் கொடுத்தனுப்பியவள்.

"இங்கன துணியக் காணோம் அண்ணாச்சி. எறங்கலாம்லா?"

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டதை மத்தியானத்துக்குள் அவனிடம் சொல்வாள். ஐம்பத்தோரு உயிர். நான் இல்லாதிருந்தாலும் துணியில்லாத துறையில் அவள் இறங்கத்தான் போகிறாள், நான் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன?

"எறங்கு தாயி, ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் இடுப்பளவு இறங்கிக் கூடையை முக்கினாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே கழுவினாள். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியில் நின்றது. சத்தம் அதிகம் இல்லை.

மூன்று நாள் லூர்துநாதனோடு டுங்கியில் தேடியது நான்தான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்தும் இப்பிடி ஆயிட்டே அண்ணாச்சி. அவ கால வெக்கிற எடம் தெரியணும்னுதான ஒங்ககிட்ட கேட்டேன்" என்று கதறினான். நானும் அவனோடு அழுதேன், அது நடிப்பில்லை. சனங்கள் அரிவாளும் ஈட்டியுமாகக் கிளம்பினார்கள். முதலை வடக்கே போய்விட்டது என்று காட்டினேன். அங்கே ஒரு சின்ன ஆண் முதலையைக் கொன்று ஆத்திரம் தீர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் கூட்டில் முப்பத்தெட்டுக் குஞ்சு தண்ணீரில் இறங்கியது. தாய் அவற்றை வாயில் வைத்து எவ்வளவு மெதுவாகத் தூக்கிப்போகிறது தெரியுமா? நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

லூர்துநாதன் கொட்டகையைத் திறந்து பார்த்தீர்களாம், கருவாடுதான் இருந்ததாம், நாய்க்குப் பயந்துதான் சாத்தி வைத்தானாம். ஒரு மூட்டை மீனுக்கு எவ்வளவு உப்புப் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சைவமாயிற்றே. உதயசூரியன் பெட்டியில் மூன்று தோல் கப்பல் துறையில் பிடிபட்டது என்றும் சொன்னீர்கள். ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அவனுக்குத் துணியே தேவைப்பட்டிருக்காது, எல்லாக் கூட்டையும் நான்தான் காட்டியிருக்கிறேன். ஒன்பதை அவன் தொடாமல் விட்டதற்கு நான் பரணில் உட்கார்ந்திருந்ததே போதும் போலிருக்கிறது. துணியை மாற்றியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் லூர்துநாதன் என்றைக்காவது ஒருநாள் செய்திருப்பான் என்றுதான் இப்போதும் எனக்குப் படுகிறது.

கடைசியாக ஒன்று. என் கள நோட்டு உங்கள் மேஜையில் இருக்கிறது, எண்பத்து மூன்றாம் பக்கம் பாருங்கள். கூடு காக்கும் தாய் இரை எடுக்காது என்பார்கள். எடுக்கும். நேரில் பார்த்து எழுதியிருக்கிறேன்: 'கூடு ஒன்பது. காலை ஏழு இருபது. இரை எடுத்தது. பெரியது.' பரணிலேயே எழுதியது, கை நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். கிரேசி பெயரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. குடும்பப் பெண், சர்க்கார் நோட்டில் அவள் பெயர் அடிபட வேண்டாம் என்ற மரியாதைதான்.