பதினேழாவது புகார்

அந்த நாற்காலி வேணாம்ணா, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க, பாப்பா இப்பதான் கண்ண மூடினா.

ஆமா, உங்க செயலிக்குக் குத்தம் கண்டுபிடிச்சு எழுதுற ஆளு நான்தான். பெரிய படிப்பு படிச்சவங்க யாரோன்னு நினைச்சீங்களா? எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவதுண்ணா. எல்லாருக்கும் விடுறதுக்கு முன்னாடி சோதனைக்குன்னு ஒண்ணு விடுறீங்கல்ல, அத நாலு மாசமா போட்டுப் பாக்குறேன். பாப்பா எப்ப பால் குடிச்சா, எப்ப தூங்கினான்னு குறிச்சுக்க இலவசமா கெடைச்சா கசக்குமா?

புகார் எழுத மூணு கேள்வி வச்சிருக்கீங்க பாருங்க, அது நல்லாருக்கு. என்ன செஞ்சீங்க, என்ன எதிர்பாத்தீங்க, என்ன நடந்துச்சு. வீட்டுக்காரருக்கும் இப்ப அப்படித்தான் எழுதுறேன். செஞ்சது, துணி காயப்போடச் சொன்னேன். எதிர்பாத்தது, கொடியில. நடந்தது, வாளியோட மாடியில காயுது. அவரு, என்கிட்ட இந்தப் பிழை வரலையேங்குறாரு. மாமியார் ஒரே வரியில முடிச்சுட்டாங்க, இது பிழையே இல்லம்மா, செஞ்சதே அப்படித்தான்னு.

தெரியும்ணா, பதினேழாவது புகாருக்குத்தான வந்தீங்க. செயலியில வர்ற தாலாட்டு பின்னாலேருந்து முன்னால பாடுதுங்குறது. நாளைக்கு வெளியிடணும், அது ஒண்ணுதான் பாக்கி. அதுக்காக வீடு தேடி வருவீங்கன்னு நான் நினைக்கல. என் போனா? சார்ஜ்ல கெடக்கு. எங்கயா... டீ ஆறுது பாருங்க.

நான் எழுதினபடியே செஞ்சும் உங்களுக்கு வரலையா? எத்தன தடவ? நாப்பதா? ஐயோ பாவம், கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. பிஸ்கட் எடுத்துக்குங்க.

சரி, உங்க மூஞ்சியப் பாத்துட்டு இதுக்கு மேல இழுக்க மனசு வரல. அன்னிக்கு மத்தியானம் அது தலைகீழாப் பாடுச்சா, உடனே உக்காந்து புகார் எழுதி அனுப்பிட்டேன். திரும்பிப் பாத்தா இவ தூங்கிட்டா. பொறந்து ஏழு மாசத்துல மொத தடவையா ரெண்டு மணி நேரம். நான் தலை சீவினேன்ணா. உக்காந்து சாப்பிட்டேன். நேராப் பாடினா வீடே அலறும். நீங்க சரி பண்ணிட்டா என் கதி என்னாகுறது? அதான் மறுநாளே புகாருக்குள்ள போயி மாத்திட்டேன், நிறுத்துற பொத்தான ரெண்டு தடவ அமுக்கினா தலைகீழாப் பாடும்னு. நெசத்துல மூணு தடவ.

பாத்தீங்களா, சொல்லிட்டேன். ஒண்ணு விடாம எழுதியே பழகிப்போச்சு.

போன் தொட்டிலுக்குள்ள இருக்குண்ணா, சத்தம் கொறச்சு வச்சிருக்கேன், தலைகீழாப் பாடிக்கிட்டுத்தான் இருக்கு. எடுக்குறதுன்னா எடுங்க. பாப்பா எந்திரிச்சா நீங்கதான் தூக்கணும்.